பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

அறிவுச்செல்வன் யாரையும் நம்பமாட்டார். பால்காரர் கண்ணெதிரிலேயே பாலைத் தொட்டு நகத்தின் மேல் ஓடவிட்டுப் பார்ப்பார். பஸ் கண்டக்டர் தரும் சில்லறையைப் படியிலேயே நின்று எண்ணி, பின்னால் ஏறுகிறவர்களிடம் வசவு வாங்குவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாமல் ஜனங்கள் வந்து இறங்கி மலையைச் சுற்றுகிற திருவண்ணாமலையில் பிறந்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அருணகிரி. மலையைப் பெயரில் சுமந்துகொண்டு திரிய முடியாது என்று, வேலை கிடைத்த கையோடு அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து மாற்றிக்கொண்டார். அவருடைய அம்மா சாகும்வரை புதுப் பெயரைச் சொல்ல வராமல், "தோ, இவன்" என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டாள்.

கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சிந்தனையாளர் மன்றத்தின் தலைவர் பதவி மட்டும் மிஞ்சியது. மொத்த மன்றமும் ஒரே ஆட்டோவில் ஏறிவிடும். ஆட்டோ டிரைவரும் உறுப்பினர். ஆனாலும் கார்த்திகை தீபத்தன்று பஸ் நிலையத்திலோ தேரடியிலோ இடம் கேட்டு அலையாமல், வேங்கிக்காலில் தன் வீட்டு மாடியில் மைக்செட் கட்டி, "ஏமாறாதே தமிழா" என்ற தலைப்பில் பேசிவிடுவார். கேட்பதற்குக் கொடிக்கயிற்றில் காயும் துணிகள் இருக்கும்.

அவர் இப்படிச் சிந்தித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் மனைவி கஸ்தூரி மாவு அரைத்தார்.

கஸ்தூரியின் இட்லி மாவுக்கு வேங்கிக்காலில் பெயர் உண்டு. கலெக்டர் ஆபீஸ் குடியிருப்பில் பாதி அடுப்பு அந்த மாவை நம்பித்தான் எரிந்தது. உளுந்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று அவர் கடிகாரம் பார்த்ததில்லை. ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்ப்பார். வெயில் காலத்தில் குழவிக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர், மழைக்காலத்தில் பானைக்கு மேல் கோணிச் சாக்கு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்பதை மின்வாரியத்தைவிட அவரே சரியாகச் சொல்வார். கூடமாட ஒத்தாசைக்கு அடுத்த தெரு திரௌபதி. கல் கழுவுவது, கவரில் மாவு ஊற்றி ரப்பர் பேண்டு போடுவது, ஊர்க்கதை பேசுவது மூன்றும் திரௌபதி வேலை. மூன்றாவதுக்குக் கூலி வாங்கவில்லை.

அந்த ஆடி மாதம் கிரைண்டர் செத்துப்போனது. பாத்திரத்தின் அடியில் விரிசல், மோட்டாரிலிருந்து புகை.

"அக்கா, மிஷினு கெட்ட வாட வீசுது," என்றாள் திரௌபதி.

"மூடு வாய. நிறுத்து மொதல்ல."

"நிறுத்திட்டேன்க்கா. அது நின்னு அப்பாலதான் வீசுது."

கஸ்தூரி போஸ்டாபீசில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குத் தோசை வார்க்கிற ஒரு மெஸ்ஸில், மார்கழி சீசனுக்குத் தினப்படி மாவு தரச் சொல்லியிருந்தார்கள். பெரிய கிரைண்டராக, சாய்த்து ஊற்றுகிற டில்டிங் மாடல் ஒன்று வாங்கிவிட்டால் அந்த ஆர்டர் நிலைத்துவிடும். மகள் மதிவதனி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிரசவச் செலவுக்குக்கூடத் தொடாமல் கஸ்தூரி அந்தப் பணத்தைத் தனியே வைத்திருந்தார்.

தேரடித் தெருவில் இருசப்பன் கடைக்கு இருவரும் போனார்கள். இருசப்பன் கிரைண்டர் விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"வாங்க தலைவரே, ஒக்காருங்க. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம். வெலைய சொல்லுங்க."

இருசப்பன் சொன்னார்.

"ஏன் இவ்ளோ ஜாஸ்தி?"

"கல்லு வெயிட்டு சார். மோட்டாரு பூரா காப்பரு. சரி, உங்களுக்குனு கம்மி பண்ணித் தரேன்."

"எனக்குனு எதுக்குக் கம்மி பண்றீங்க? அப்ப மத்தவனுக்கு ஜாஸ்தி வெச்சி விக்கிறீங்களா?"

"அய்யோ. சரி சார், கம்மி பண்ணல. போர்டுல இருக்கிற வெலயே குடுங்க."

"அதான பாத்தேன். எனக்கு மட்டும் ஏன் கம்மி பண்ணல?"

இருசப்பன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அதை அறிவுச்செல்வனும் பார்த்தார். நெற்றியில் பட்டை, கல்லாவில் படம், மேஜையில் தட்டு நிறைய விபூதி. வெளியே வந்ததும், "இவ்ளோ விபூதி வெச்சிருக்கிறவன் எவ்ளோ திருடுவான்னு கணக்கு போடு," என்றார்.

"மிஷினு நல்லாதானே இருந்திச்சி," என்றார் கஸ்தூரி.

"மிஷினு நல்லா இருக்கும். ஆளு?"

"ஆளையா ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டப் போறோம்?"

அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பொதுக்கூட்டத்தில் குறுக்குக் கேள்வி கேட்கிறவர்களுக்கும் அவர் பதில் சொல்லும் வழக்கமில்லை.

மறுநாள் வேணுவின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். மனிதர்களையெல்லாம் சந்தேகித்துத் தீர்த்துவிட்ட ஒருவருக்கு, மனித முகமே இல்லாத ஒரு கடை அங்கே கம்ப்யூட்டரில் கிடைத்தது. பட்டை இல்லை, சாமி படம் இல்லை, டீ சொல்லட்டுமா இல்லை. கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர், வீடு தேடி வரும், இருசப்பன் சொன்னதில் பாதி விலை.

"சார், இந்த சைட்டு நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றான் வேணு.

"நீ கேள்விப்படாததாலதான் வெல கம்மியா இருக்கு. நீ கேள்விப்பட்டா ஏத்திடுவான்."

"துட்டு மொதல்லயே கட்டச் சொல்றான் சார்."

"தம்பி, இங்க தரகு கெடையாது, எடையில மோசடி கெடையாது, ஆள் மூஞ்சப் பாத்து வெல கெடையாது. இதுக்குப் பேருதாம்பா பகுத்தறிவு வியாபாரம்."

ஓய்வு பெற்ற வருஷம் வங்கியில் அவர் தலையில் ஒரு கிரெடிட் கார்டைக் கட்டியிருந்தார்கள். சந்தேகப்பட்டு, பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அதை அன்று எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக, வேணு பார்த்துவிடாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு தட்டினார். வேணுவிடம் அவ்வளவு ஜாக்கிரதை. எண்கள் போய்ச் சேர்ந்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம், "முடிஞ்சிது. பில்லு வந்தா உன் போஸ்டாபீஸ் துட்டுல கட்டிடு," என்றார்.

ஆவணி போனது. புரட்டாசியில் மதிவதனிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கிரைண்டர் பிறக்கவில்லை. போன் செய்தால் முதலில் ஒரு பெண், "உங்க ஆர்டர் ப்ராசஸ்ல இருக்கு சார்," என்றாள். பிறகு ஒரு ஆண், தீபாவளி நெரிசல் என்றான். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. உபயோகத்தில் இல்லை என்பதை மூன்று மொழிகளில் சொன்னது. அறிவுச்செல்வன் மூன்றையும் முழுதாகக் கேட்டார்.

ஐப்பசி மழையில் கஸ்தூரியும் திரௌபதியும் ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு ரைஸ்மில் பக்கம் வாடகைக்கு அரைத்துக் கொடுக்கும் வீட்டுக்கு நடந்தார்கள். அந்த வீட்டுக் கிரைண்டரில் முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் குடியிருப்பில் ஒரு நாள் இட்லி காரமாக இருந்தது. கேட்டவர்களிடம் திரௌபதி, "மசாலா இட்லிக்கா, புதுசு," என்று சமாளித்தாள். சிலர் மறுநாளும் அதையே கேட்டார்கள். பலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மிஷின் வராமல் போஸ்டாபீஸ் பணத்தைத் தொடமாட்டேன் என்று கஸ்தூரி கார்டு பில்லைத் திருப்பி நீட்டியதும், அறிவுச்செல்வன் வங்கிக்குப் போனார். மேலாளர் இராமலிங்கம் மூன்று பட்டை விபூதி பூசிய மனிதர். தொலைபேசியை எடுத்தாலே "சிவாயநம" என்பார். கடன் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லும்போதும் அதே "சிவாயநம"தான்.

"சரக்கு வரலன்னா கார்டு கம்பெனிகிட்ட தாவா போடலாம் சார். இந்தக் கட்டத்துல நாலு வரி எழுதிக் குடுங்க. விசாரண முடியிற வரைக்கும் அந்தத் தொகைய நிறுத்தி வெப்பாங்க. நீங்க சொல்றது சரின்னா கட்ட வேணாம். இல்லன்னா வட்டியோட கட்டணும்."

"நாலு வரியில நியாயம் அடங்காது சார்."

வீட்டுக்குப் போய் முழு நாள் உட்கார்ந்து எழுதினார். பொருள், பார்வை, கடித எண் எல்லாம் போட்டு, நுகர்வோர் என்பவன் யார் என்று தொடங்கி, சங்க காலத்து வணிகர் நேர்மை வழியாக வந்து, கடைசியில் விஷயத்தைத் தொட்டார்: "மேற்படி விற்பனையாளரிடமிருந்து ஊசி முனையளவு பொருளும் எமது இல்லத்திற்கு வந்து சேரவில்லை என்பதையும், எமது இல்லத்தார் எவரும் எதிலும் கையொப்பமிட்டுப் பெறவில்லை என்பதையும் ஆணித்தரமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்."

அந்த வாக்கியத்தைக் கஸ்தூரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"ஆணி எதுக்கு?" என்றார் கஸ்தூரி. "வரலன்னு எழுதினா போதாதா?"

தீபம் முடிந்து, மலையுச்சியில் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்த நாட்களில் பதில் வந்தது. சரக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டதாக விற்பனையாளர் தெரிவித்திருக்கிறார். கூரியர் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் இட்டிருக்கிறார். தங்கள் பதிலை உடனே தெரிவிக்கவும்.

நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்திருந்தார்கள். கையெழுத்து இருந்த இடத்தில் மழையில் நனைந்த மண்புழு ஒன்று ஓடியதுபோலக் கறுப்பாக ஏதோ தெரிந்தது. வீட்டு முகவரி மட்டும் தெளிவு.

அறிவுச்செல்வன் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். கலெக்டர் ஆபீசில் எத்தனையோ கையாடல் விசாரணைகளுக்குக் கோப்பு தைத்துக் கொடுத்தவர். தானே விசாரிக்கும் பாக்கியம் அப்போதெல்லாம் வாய்த்ததில்லை.

"இந்த வூட்ல யாரோ கையெழுத்து போட்டிருக்கீங்க. நான் கேக்காமயே ஒத்துக்கிட்டா நல்லது."

"கேக்காமயே எப்பிடிப்பா ஒத்துக்கிறது?" என்றாள் மதிவதனி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"திரௌபதி, இந்தத் தாள்ல உன் பேர எழுது."

"எனக்கு கைநாட்டுதான் சார்."

"கைநாட்டுனு ஊரை ஏமாத்துறியா?"

"கையெழுத்து தெரிஞ்சா நான் ஏன் சார் கல்லு கழுவுறேன், உங்க ஆபீசுக்கு வந்திருப்பேனே."

திரௌபதி கட்டைவிரலை வைத்தாள், மதிவதனி எழுதினாள். கஸ்தூரியும் எழுதினார். மூன்று தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மண்புழுவோடு ஒப்பிட்டார். அவர் மாப்பிள்ளையையும் விடவில்லை, பெங்களூருக்குப் போன் போட்டு, "மாப்ள, புரட்டாசியில வந்தப்ப எதுனா பார்சல் வாங்கினீங்களா?" என்றார். மாப்பிள்ளை, சீர் விஷயமாக மாமனார் ஏதோ சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று சந்தேகப்பட்டு, அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டான். அடுப்படியில் திரௌபதி, பெரிய பெட்டி ஒன்று வந்து, அதை மன்றத்து ஆட்டோக்காரன் ஓட்டிக்கொண்டு போயிருப்பானோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டாள். மன்றத்துக்கு வெளியிலும் சிந்தனையாளர்கள் உண்டு.

கஸ்தூரி சீட்டை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பார்த்தார். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தார்.

"இது பாப்பா பொறந்த அன்னிக்கு."

"அதனால?"

"அன்னிக்கு நாங்கல்லாம் ஆஸ்பத்திரியில. திரௌபதியும் எங்ககூட. நீங்கதான் வெந்நி பிளாஸ்க்கும் பழஞ்சேலையும் எடுக்க வூட்டுக்கு வந்தீங்க."

அறிவுச்செல்வன் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார்.

"வூடு பூட்டியிருந்த நேரத்துல பக்கத்து வூட்டுக்காரன் எவனாவது வாங்கியிருப்பான். இது போர்ஜரி. நாளைக்கே பேங்குக்குப் போறேன்," என்று எழுந்தவர், மூன்று தாள்களையும் மடித்துப் பத்திரப்படுத்தினார். தான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் காட்டவில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அது அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது.

மறுநாள் வங்கியில் இராமலிங்கம் அவரை எதிர்பார்த்திருந்தார்.

"வாங்க சார். உங்க கேஸ் மாதிரியே நெறய வந்திருக்காம். சென்னையில சொன்னாங்க. அவன் பயங்கர கில்லாடி சார். மிஷின் அனுப்பாம, எல்லாருக்கும் கூரியர்ல ஒரு கவர் அனுப்பியிருக்கான். மேல ஏதோ பக்த சபாவோட பேரு. உள்ள விபூதிப் பொட்டலம். எவனாவது பிரசாதத்த வேணாம்னு திருப்பி அனுப்புவானா? பயபக்தியா கையெழுத்து போட்டு வாங்கிக்கிறாங்க. அந்தக் கையெழுத்த வெச்சிகிட்டு மிஷின் குடுத்துட்டேன்னு கணக்கு காட்டுறான்."

அறிவுச்செல்வன் நிமிர்ந்தார். மேலே மின்விசிறி கரண்ட் இல்லாமல் நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கவர யாரெல்லாம் பத்திரமா வெச்சிருந்தாங்களோ அவங்க கேஸ் எல்லாம் ஜெயிச்சிட்டுது. கவர், உள்ள இருந்த பொட்டலம், ‘இதுதான் வந்தது, நான்தான் வாங்கினேன்’னு வாங்கினவர் கைப்பட ஒரு கடுதாசி. அவ்ளோதான் சார்."

"கவர் இல்லன்னா?"

"இல்லன்னா கையெழுத்து இருக்குதே, அதுதான் செல்லும். துட்டு கட்டணும்." இராமலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் முகத்தில் மரியாதையும் வேறு ஒன்றும் கலந்து நின்றன. "ஆனா ஒரு சந்தேகம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வூட்டு வாசல்ல போயி விபூதின்னு சொன்னா கூரியர்காரன் தல தப்பாதே. உங்க வூட்ல யார் சார் வாங்கினது?"

"விசாரிக்கிறேன்," என்றார் அறிவுச்செல்வன்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மலை மேல் மேகம் உட்கார்ந்து, தீபக் கொப்பரை இருக்கும் இடம் மட்டும் மங்கலாகச் சிவந்து தெரிந்தது. கஸ்தூரி முற்றத்தில் உளுந்து களைந்துகொண்டிருந்தார். தோலெல்லாம் தண்ணீரோடு வழிந்து மோரியில் ஓடியது. மெஸ்காரர் காலையில் வந்து, மார்கழி முதல் தேதிக்கு மாவு வருமா வராதா என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"கஸ்தூரி, ஒரு தாள்ல கையெழுத்து போடணும் நீ."

"என்னா தாளு?"

"நம்ம துட்டு தப்புறதுக்கு. புரட்டாசியில ஒரு கவர் வந்திச்சி, நீ வாங்கின, அதுல விபூதி இருந்திச்சி. அவ்ளோதான். நீதான சாமி கும்பிடுற. உன் பேர்ல இருந்தா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"நான் வாங்கலியே."

"வாங்கலதான். வாங்கினதா எழுதிக் குடு."

"நேத்து நான் வாங்கினேனான்னு சந்தேகப்பட்டு கையெழுத்து வாங்கினீங்க. இன்னிக்கு நான் வாங்கலன்னு சந்தேகமில்லாம தெரிஞ்சப்புறம் கையெழுத்து கேக்கறீங்க." கஸ்தூரி உளுந்தைக் கையால் அளைந்தபடியே பேசினார். "கவரு எங்க இருக்குது?"

"அது... தேடணும்."

"எங்கன்னு தெரிஞ்சாதான தேடுவீங்க."

அறிவுச்செல்வன் மாடிப்படியைப் பார்த்தார். கஸ்தூரி கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க போட்டிருந்த வெள்ளச் சட்டைய நான்தான் தொவச்சேன். மேல் பாக்கெட்டு பூரா விபூதி. தண்ணியில போட்டதும் பால் மாதிரி கரைஞ்சிச்சி. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? கொழந்த பொறந்த சந்தோஷத்துல எங்களுக்குத் தெரியாம கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்காரு, சொல்ல வெக்கம், போகட்டும்னு இருந்துட்டேன். ரெண்டு மாசமா யார்கிட்டயும் மூச்சு விடல. நேத்து தேதியப் பாத்ததும்தான் கோயிலும் இல்ல கொளமும் இல்ல, கூரியருன்னு புரிஞ்சிது."

"அவசரத்துல கையெழுத்து போட்டேன். இன்னா ஏதுன்னு பாக்கல."

"சரி. பாக்காம வாங்கினீங்க. பாத்தப்புறம்?"

அவர் மறுபடி மாடிப்படியைப் பார்த்தார்.

"நான் வாங்கினதா எழுதினா, நான் ஏமாந்ததாவும் ஆவும். எட்டு ஊருக்கு மாவு வித்தவ நான், ஒரு தம்பிடி ஏமாந்ததில்ல. துட்டும் என்னுது, பேரும் என்னுது போகணுமா? எதுனா ஒண்ணு உங்களுது போகட்டும்."

அறிவுச்செல்வன் மாடிக்குப் போனார். மன்றத்தின் அறையில், இதுவரை யாரும் நன்கொடை தராத காரணத்தால் பிரிக்கப்படாமல் இருந்த நன்கொடை ரசீதுக் கட்டுகளுக்கு நடுவே கையை விட்டார். அந்த வீட்டில் யார் கையும் நுழையாத இடம் அது ஒன்றுதான்.

மறுநாள் வங்கியில் பென்ஷன் நாள். கீழ்பென்னாத்தூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வந்த பழைய அலுவலர்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். அவருடைய ‘ஏமாறாதே’ துண்டறிக்கையைச் சம்பளக் கவரோடு சேர்த்து வாங்கியவர்கள். அறிவுச்செல்வன் வேறு நாள் வரலாம் என்று திரும்பினார். கூட வந்த கஸ்தூரி வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

இராமலிங்கம் கடிதத்தை வாங்கிப் படித்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அறிவுச்செல்வன் நாலு வரியில் எழுதியிருந்தார். "எனது முந்தைய மனுவில் ‘ஊசி முனையளவு பொருளும்’ என்று கண்டதை நீக்கிவிட்டு வாசிக்கவும். கவர் ஒன்று வந்தது. அதில் விபூதி இருந்தது. கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டவர் நானே." சங்க காலம் இல்லை. ஆணியும் இல்லை.

"பிரசாதம் எங்க சார்?" என்றார் இராமலிங்கம்.

"பிரசாதம் இல்ல. சாட்சிப் பொருள்."

கவர் மேஜைக்கு வந்தது. இராமலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். செருப்பைக் கழற்றினார். பொட்டலத்தைப் பிரித்து, "சிவாயநம" என்று ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். காஷியர் ரேவதி கூண்டைப் பூட்டிவிட்டு வந்து கை நீட்டினாள். பெஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் எழுந்து, "எந்தக் கோயில்துங்க?" என்று கேட்டுக்கொண்டே விரலைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. எதற்கென்று தெரியாமலே வரிசை சேர்வது பென்ஷன்காரர்களுக்குப் பழக்கம்.

"யோவ்! அது திருடன் அனுப்பினதுய்யா!" என்று கத்தினார் அறிவுச்செல்வன்.

"திருடன் அனுப்பினா என்னா சார், அது பாவம் அவனுக்கு," என்றார் தாசில்தார். "விபூதி என்னா பண்ணுச்சி?"

"கேஸுக்கு வேணும் சார்! கொஞ்சமாவது மிச்சம் வெய்யுங்க!"

பொட்டலத்தைப் பிடுங்கி, இரண்டு கைகளாலும் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அடியில் ஒரு சிட்டிகைதான் மீதி. அது சிந்திவிடாமல் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். திருநீற்றை அவ்வளவு பத்திரமாகக் கையில் ஏந்திய மனிதரை அந்த வங்கி அதற்கு முன் கண்டதில்லை. பெஞ்சில் ஒருவர், "தலைவரு மாறிட்டாருய்யா," என்றார். இன்னொருவர், "எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார்.

இராமலிங்கம் மீதியைக் கவரோடு வைத்து அரக்கு முத்திரை போட்டார். பொட்டலம் வரும்போதே பாதிதான் இருந்தது என்பதைக் கவனித்து, மீதி எங்கே போனது என்று கேட்க வாயெடுத்தவர், கஸ்தூரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே முத்திரையை அழுத்தினார். கார்டு கம்பெனி அந்தத் தொகையைக் கைவிட்டதாகத் தகவல் பின்னால் வந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. போகிற இடத்தில் வேறு எவராவது பக்தர் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாரோ என்பதுதான் அறிவுச்செல்வனுக்கு அப்போதிருந்த கவலை.

வெளியே தூறலாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் கூரைக்குக் கீழே ஒரு மாடு நின்றிருந்தது. இருவரும் அதற்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள்.

"கடுதாசி இப்பிடி எழுதத் தெரியுது உங்களுக்கு," என்றார் கஸ்தூரி. "நாலே வரி."

"ம்."

"அங்க அவரு கேக்காம விட்டுட்டாரு. நான் கேக்கறேன். பாதி விபூதி எங்க?"

அறிவுச்செல்வன் மாட்டைப் பார்த்தார். அது அசை போட்டுக்கொண்டிருந்தது.

"நான் வந்தப்ப நீங்கல்லாம் வெளி வராண்டாவுல இருந்தீங்க. என்னைய நர்ஸம்மா உள்ள கூப்பிட்டுச்சி, பழஞ்சேலைய குடுக்கச் சொல்லி. கொழந்த பொறந்திருந்திச்சி. அழல. நீலமா இருந்திச்சி. டாக்டரம்மா தலகீழா புடிச்சி தட்டுறாங்க, ஊதுறாங்க. ஒருத்தரும் என்னைய வெளிய போன்னு சொல்லல. நின்னுகிட்டு இருந்தேன்." நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "பாக்கெட்டுல கைய விட்டேன். அதான் இருந்திச்சி. என் கையில வேற ஒண்ணும் இல்ல கஸ்தூரி."

"வெச்சீங்க."

"நெத்தியில. கால்ல. எங்கெங்கயோ."

"மதிவதனிக்குத் தெரியுமா?"

"மயக்கத்துல இருந்தா."

"எனக்கு ஏன் சொல்லல, கொழந்த அழலன்னு?"

"நான் வெளிய வரதுக்குள்ள அழுதுடுச்சே."

கஸ்தூரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதிர்ச்சாரியில் டீக்கடைக்காரன் ஆற்றும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கோயில் விபூதியாம் அது? கவர்ல போட்டிருந்திச்சா?"

"கோயிலாவது ஒண்ணாவது," என்றார் அறிவுச்செல்வன். குரல் திரும்பக் கிடைத்துவிட்டது, மேடைக் குரல். "அந்தத் திருட்டுப்பய அவன் வூட்டு அடுப்புல இருந்து வாரிப் போட்டிருப்பான். வெறும் அடுப்புச் சாம்பல்!"

"அடுப்புச் சாம்பலுக்கா கொழந்த அழுதிச்சி?"

வேங்கிக்கால் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கொடுத்த சில்லறையை அறிவுச்செல்வன் எண்ணாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கஸ்தூரி கை நீட்டி அதை வாங்கி, எண்ணிப் பார்த்தார். ஒரு ரூபாய் குறைந்தது.

"கண்டக்டரு, இங்க வாங்க," என்றார்.